எர்த் இல்லாத வீடு

மகள் கத்தவில்லை. குளியலறைக்குள்ளிருந்து, "அம்மா, தண்ணி கடிக்குதும்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஓசூரின் டிசம்பர் காலை. ஹீட்டர் இல்லாமல் இங்கே அந்த மாதத்தில் குளிக்க முடியாது. கதவைத் திறக்கச் சொல்லி, குழாயிலிருந்து விழும் தண்ணீரில் விரலை நீட்டினேன். எறும்பு ஊர்வது போல ஆரம்பித்து முழங்கை வரை விறுவிறுவென்று ஏறியது. (விரலை நீட்டியதே தவறு என்பது பின்னால்தான் தெரிந்தது.) ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அவள் துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். நனைந்த உடம்பு, ஈரத் தரை, கரண்ட் வரும் குழாய். அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது.

அன்று மாலை எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். வாசலிலேயே கேட்டார்: "வீட்ல சார் இல்லீங்களா?"

சார் இல்லை. இந்த வீட்டில் நானும் மகளும் என் அம்மாவும்தான். பாகலூர் சாலையைத் தாண்டி ஒரு மனைப்பிரிவில், என் பி.எஃப். பணத்திலும் வங்கிக் கடனிலும் ஒரு மேஸ்திரி கட்டிக்கொடுத்த வீடு. சார் இருந்த வீட்டை விட்டு வந்து பல வருடம் ஆகிவிட்டது. இதையெல்லாம் எலக்ட்ரீஷியனிடம் சொல்ல முடியுமா? "வெளியூர் போயிருக்கார்" என்றேன். எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய பொய். அவர் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கி, திருகாணிகளை முறுக்கி, மறுபடி மாட்டினார். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, "எம்சிபி போட்டிருக்கு மேடம், ஷாக்கெல்லாம் அடிக்காது. பாப்பா ஈரக் கையோட ஸ்விட்சத் தொட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளும் தண்ணீர் கடித்தது.

என் வேலை என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பதினெட்டு வயதில் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்குள் போனேன். வண்டிகளுக்கான வயரிங் ஹார்னஸ் செய்யும் இடம். ஒரு நீளப் பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சையில் வெள்ளைக் கோடு என்று பத்துப் பதினைந்து நிறங்களில் வயர்கள். ஒவ்வொன்றையும் அதனதன் வழியில் ஓட்டி, முனைக்கு டெர்மினல் அழுத்தி, கனெக்டரில் சரியான குழியில் செருக வேண்டும். ஒரு வயர் குழி மாறினாலும் டெஸ்ட் போர்டில் விளக்கு எரியாது. பிரேக் விளக்குக்கு எது போகிறது, ஹாரனுக்கு எது போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இப்போது நான் ஒரு லைனுக்கு லீடர். என் கீழே இருபத்திரண்டு பெண்கள்.

ஆனால் என் வீட்டு ஸ்விட்ச் பெட்டியின் மூடியை அன்றுவரை நான் திறந்து பார்த்ததில்லை. திறக்கலாம் என்று தோன்றியதுகூட இல்லை.

எங்கள் வாசிப்பு வட்டத்தில், கல்லூரியில் பாடம் நடத்தும் தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு ஒரு கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். 1981-ல் டயன் எல்சன், ரூத் பியர்சன் என்ற இருவர் 'ஃபெமினிஸ்ட் ரிவ்யூ' இதழில் எழுதியது. ஆசிய, லத்தீன் அமெரிக்க நாடுகளின் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் ஏன் இளம்பெண்களையே தேடித் தேடி எடுக்கின்றன என்று கேட்கிறது அது. 'பெண்களுக்கு இயல்பாகவே நுணுக்கமான விரல்கள்' என்பதுதான் நிர்வாகங்கள் சொல்லும் காரணம். அவர்கள் அதை மறுக்கிறார்கள். அந்த விரல்கள் பிறவியில் வந்தவை அல்ல, தாய்மாரிடமும் மற்றப் பெண்களிடமும் தையலிலும் வீட்டு வேலையிலும் பல வருடம் பயின்று வந்தவை. அந்தப் பயிற்சி வீட்டுக்குள் நடப்பதால் யார் கண்ணுக்கும் படுவதில்லை. அதனாலேயே அது திறமை என்று கணக்கில் வருவதில்லை, கூலியிலும் வருவதில்லை என்கிறார்கள். கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்களை வேலைக்கு எடுத்தபோது ஒருவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பூக்கட்டுவியாம்மா?" என்று கேட்டார். கட்டுவேன் என்றதும் டிக் அடித்தார்.

அதன் மறுபக்கம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னுடையது திறமை இல்லை, விரல் என்று சொன்னவர்களை நானும் நம்பியிருந்தேன். திறமை என்று நினைத்திருந்தால், வண்டி வயருக்கும் வீட்டு வயருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாளாவது கேட்டிருப்பேன் அல்லவா?

சரி, கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். யாரிடம் கற்பது?

முதலில் யூடியூப். தமிழில் கொட்டிக் கிடக்கிறது. ஒருவர் ஹீட்டரில் ஷாக் அடித்தால் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போடுங்கள் என்கிறார். இன்னொருவர் எர்த் வயரை நியூட்ரலோடு முறுக்கிவிட்டால் போதும் என்கிறார். இரண்டிலும் கீழே நூற்றுக்கணக்கில் நன்றிகள். இரண்டாவதைச் செய்திருந்தால் என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்துபோனால் ஹீட்டரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். அன்று ஞாயிற்றுக்கிழமை, கையில் ஸ்குரூடிரைவரோடு அதைச் செய்யத்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா கூப்பிட்டதால் எழுந்துபோனேன்.

கரண்டை விட்டுவிட்டு வேறு எதிலாவது கை பழகலாம் என்று சமையலறையில் ஷெல்ஃப் மாட்டக் கிளம்பினேன். வீடியோவில் அந்தத் தம்பி அழகாகச் சொல்லிக்கொடுத்தார். டிரில்லைச் சுத்தியல் குறிக்குத் திருப்பு, பென்சிலால் புள்ளி வை, ரால் பிளக் அடி. எங்கே ஓட்டை போடக்கூடாது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. குழாய்க்கு நேர் மேலே போட்டேன். சுவருக்குள் புதைத்த பைப் பொத்துக்கொண்டு என் முகத்தில் அடித்தது. தொட்டி காலியாகும் வரை அடித்தது. எதிர்வீட்டு மனிதர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் ஆம்பளை ஆள் வேணுங்கறது" என்றார். அவர் வீட்டில் டிரில் கிடையாது, அது வேறு விஷயம்.

உடைந்த இடத்தில் செருக ஒரு துண்டு வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனேன். இந்த ஊர்க் கடைகளில் ஒரே நேரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நான்கும் ஓடும். நான்கு மொழியிலும் பொருளின் பெயர் ஒன்றுதான்: எல்போ, கப்ளிங், நிப்பிள், எஃப்டிஏ, எம்டிஏ. பெயர் தெரியாதவளுக்குக் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் கட்டிக்கொடுப்பார். எஃப்டிஏ என்றால் என்னங்க என்று கேட்டேன். அவர் நெளிந்தார். "அது... உள்மரை மேடம். இது வெளிமரை." அருகில் நின்ற பிளம்பர் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். எஃப் என்றால் பெண், எம் என்றால் ஆண் என்று பிறகு மகள்தான் சொன்னாள். பைப்புக்குக்கூட இதை விட்டால் வேறு பெயர் கிடைக்கவில்லை!

சுவரில் உடைத்த ஓட்டையைப் பூச வந்தவர் பக்கத்துத் தெரு அக்கா. இருபது வருடமாகச் சித்தாள் வேலை. கலவை போட்டுச் சுமப்பவர். பூசுவது கொத்தனார், கூலி அதிகமும் அவருக்குத்தான். ஆனால் மணலைச் சலிப்பதும், சிமெண்ட் எத்தனை பாண்டு மணல் எத்தனை பாண்டு என்று அளப்பதும், தண்ணீர் கூடிவிட்டதா என்று பார்ப்பதும் இந்த அக்காதான். "சுவத்துக்கு ஒண்ணுக்கு ஆறு போதும், கூரைக்கு ஒண்ணுக்கு நாலு. எம்-சாண்டு கட்டுறதுக்கு, பூசுறதுக்கு பி-சாண்டு வாங்கு. பூசினா வேலை முடிஞ்சிதுன்னு நினைக்காத, ஏழு நாள் தண்ணி காட்டணும். காட்டலேன்னா வெடிக்கும். உன் மாடிச் சுவரு வெடிச்சிருக்கே, ஏன்னு நினைக்கிற? உன் மேஸ்திரி மூணாம் நாளே தண்ணிய நிறுத்திட்டான்" என்றார். என் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. "நீங்க ஏங்க்கா கரண்டியப் பிடிக்கல?" என்று கேட்டேன். "யாரு குடுத்தா?" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா அன்று ராத்திரி பேச ஆரம்பித்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் அவர்கள் வீடு மண்சுவர். மழைக்குப் பிறகு சுவரில் விரிசல் விழுந்தால் களிமண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்து அடைப்பது பெண்கள். தரைக்குச் சாணி மெழுகுவது, சுண்ணாம்பு கரைத்து அடிப்பது, அடுப்புக்கு மண் பிசைந்து காற்று போகும் அளவில் வாய் வைப்பது, எல்லாம் பெண்கள். அடுப்பு வாய் பெரிதானால் விறகு வீணாகும், சிறிதானால் புகையும். அம்மா போட்ட அடுப்புக்கு மற்றத் தெருவிலிருந்தும் கூப்பிடுவார்களாம். "சிமெண்டு வந்திச்சு, எல்லாம் மேஸ்திரி கைக்குப் போயிடிச்சு" என்றார். வீட்டைச் சரிசெய்வது ஆண் வேலை என்பது எங்கள் குடும்பத்தில் நாற்பது வருடத்துப் பழக்கம்கூட இல்லை.

கரண்டுக்கு வருகிறேன். நம்பத் தகுந்த முதல் பாடம் எங்கே கிடைத்தது தெரியுமா? மகளின் பள்ளிப் பையில். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மின்னோட்டப் பாடத்தில் வீட்டு மின்சுற்று இருக்கிறது. உயிர்க்கம்பி, நடுநிலைக் கம்பி, புவி இணைப்பு. இதைப் போன்ற பாடத்தை நானும் படித்து, படம் போட்டு, ஐந்து மதிப்பெண் வாங்கினேன். அந்தப் படத்தில் இருப்பதும் எங்கள் வீட்டுச் சுவருக்குள் இருப்பதும் ஒன்றுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் சொல்லவில்லை.

அங்கிருந்து ஐடிஐ புத்தகங்களுக்குப் போனேன். என் லைனில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் தம்பி எலக்ட்ரீஷியன் பிரிவு படிக்கிறான். அவன் புத்தகத்தை வாங்கி வந்து கொடுத்தாள். நிமி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நேஷனல் இன்ஸ்ட்ரக்ஷனல் மீடியா இன்ஸ்டிடியூட், 1986-ல் தொடங்கியது, சென்னையில் இருக்கிறது. நாடு முழுக்க ஐடிஐகளுக்குப் பாடப்புத்தகம் போடுவது அதுதான். தமிழிலும் வருகிறது. செய்முறைப் புத்தகம் ஒன்று, கருத்துப் புத்தகம் ஒன்று. தமிழ் கொஞ்சம் முரடு, படங்கள் மங்கல். ஆனால் வீடியோக்களில் இல்லாத இரண்டு அதில் இருந்தன. எதைச் செய்யச் சொன்னாலும் ஏன் என்று சொல்லியிருந்தது. மின்சாரத்தை அணைக்கச் சொல்லும் இடத்தில், அணைந்ததா என்று சோதித்துப் பார் என்று மறக்காமல் சொன்னது.

எம்சிபி பற்றிய பக்கத்தை மூன்று தடவை படித்தேன். எங்கள் ஹீட்டருக்கு 16 ஆம்பியர் எம்சிபி. அதற்கு மேல் கரண்ட் ஓடினால் வயர் சூடாகித் தீப்பிடிக்கும், அதற்கு முன்னால் எம்சிபி விழும். அது வயரைக் காப்பாற்ற வைத்தது. மனுஷியைக் காப்பாற்ற அல்ல. உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே இதயம் நின்றுவிடலாம். அதாவது 0.03 ஆம்பியர். 16 ஆம்பியருக்குக் காத்திருக்கும் எம்சிபிக்கு என் மகள் வழியாக 0.03 போனால் தெரியவே தெரியாது. அதற்கென்று இருப்பது ஆர்சிசிபி என்ற வேறொரு பெட்டி. ஃபேஸில் போனது நியூட்ரலில் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்து, வேறு எங்கோ ஒழுகுகிறது என்று தெரிந்தால், கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். எங்கள் வீட்டில் அது இல்லை. "எம்சிபி போட்டிருக்கு மேடம்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியவில்லை என்று இன்று நினைக்கிறேன். அன்று இரவு அப்படி நினைக்க முடியவில்லை.

ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கையில் இருக்கும் கருவிதான், வீட்டுக்கு வாங்கியது அதுவே முதல் தடவை. காலில் ரப்பர் செருப்பு, கீழே மரப்பலகை, மகள் கையில் டார்ச். ஹீட்டர் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 228. சரி. ஃபேஸுக்கும் மேலே உள்ள பெரிய குழிக்கும், அதாவது எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். 70 காட்டியது, பிறகு 64, பிறகு 81. எதோடும் சேராமல் தொங்கும் வயர்தான் அப்படி அலையும். மெயினை அணைத்து, அணைந்ததைச் சோதித்து, சாக்கெட்டைக் கழற்றினேன். பச்சை வயர் இருந்தது. சுவருக்குள் போனது. மீட்டர் பெட்டியில் அதன் மறுமுனை வெட்டி டேப் சுற்றிக் கிடந்தது. எர்த் குழியே தோண்டவில்லை. மூன்று குழி சாக்கெட் எல்லா அறையிலும் அழகாக இருந்தது, மூன்றாவது குழிக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

காரணம் ஹீட்டரிலிருந்தே ஆரம்பித்தது. இங்கே போர் தண்ணீர் உப்பு. ஹீட்டருக்குள் கம்பியில் வெள்ளையாகச் செதில் கட்டி, சூடு வெளியேற முடியாமல், உறை வெடித்து, கரண்ட் தண்ணீருக்குள் கசிந்தது. எர்த் இருந்திருந்தால் அது மண்ணுக்குள் போயிருக்கும். எர்த் இல்லாததால் என் மகளைத் தேடி வந்தது.

இதற்கு மேல் நானே செய்யவில்லை. இதைச் சொல்லக் கூச்சமில்லை. மின்வாரிய இணைப்பைத் தொடும் வேலைக்கு உரிமம் உள்ள மின்கம்பியாள் வேண்டும், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை வந்தவரிடம் என்ன வேண்டும் என்று என்னால் சொல்ல முடிந்தது. புது எர்த் குழி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஹீட்டருக்குத் தனி வயர். அவரும் "சார் இல்லீங்களா?" என்றார். "நான் இருக்கேன், சொல்லுங்க" என்றேன். வயதானவர். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பிறகு என்னிடமே பேசினார். எர்த்துக்கு ஏழெட்டு அடி ஆழம் பைப் இறங்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர்போனது. ஐந்தாவது அடியில் டங்கென்று பாறை. பாறையில் இறக்கி மூடிவிடலாம் என்று உதவியாள் சொன்னான். கல் கரண்டை வாங்காது, ஈர மண் வேண்டும் என்று நான் சொல்லும் முன்பே பெரியவர் சொல்லிவிட்டார். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் வாழை மரத்தடியில் மறுபடி தோண்டினோம். கடைசியில் மீட்டரை வைத்தேன். 226. பெரியவர், "எங்கம்மா படிச்சீங்க?" என்று கேட்டார்.

இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் என்று அறியப்படும் ஏ. லலிதா, இதே தமிழ்நாட்டில், கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943-ல் படித்து முடித்தவர். பதினெட்டு வயதில் கணவரை இழந்தபோது கையில் சில மாதக் குழந்தை. பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்கடத்திப் பாதைகளுக்கு வேலை செய்தார். அவருடைய சான்றிதழில் அச்சடித்திருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலாகக் கையால் திருத்திக் கொடுத்தார்கள் என்பதை மகள் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். 2021-ல் எங்கள் மாவட்டத்தில் போச்சம்பள்ளிப் பக்கம் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை முழுக்கப் பெண்களாலேயே நடக்கும் என்று அறிவித்தபோது ஊரெல்லாம் அதே பேச்சு. ஆயிரக்கணக்கான பெண்கள் பேட்டரியும் மோட்டாரும் கோக்கிறார்கள். மாலையில் விடுதிக்கோ வாடகை வீட்டுக்கோ திரும்புகிறார்கள். அங்கே பிளக் பாயிண்ட் கருகியிருந்தால் வீட்டு ஓனரின் ஆள் எப்போது வருவான் என்று காத்திருக்கிறார்கள்.

மகள் ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒவ்வொரு எம்சிபிக்கும் கீழே தமிழில் எழுதி ஒட்டினாள்: ஹால், அடுப்படி, ஹீட்டர், மோட்டார். ஆர்சிசிபியில் டி என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை அதை அழுத்தி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை அது என் அம்மாவின் வேலை. வீடே ஒரு நொடி இருண்டதும், "விழுந்திடிச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

சித்தாள் அக்கா பூச்சு வேலைக்குக் காசு வாங்கவில்லை. போன மாதம் வந்து, "உன் மிஷினை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு ஒரு எட்டு வாயேன். கிரைண்டரத் தொட்டா சுர்ருங்குது" என்றார். போனேன். எட்டு அறைகள் வரிசையாக உள்ள லைன் வீடு, எட்டிலும் வேலைக்குப் போகும் பெண்கள், மூன்று அறைகளில் ஜார்கண்ட் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள். பெரிய குழியில் முனையை வைத்ததும் 58, 73, 66 என்று எண் அலைந்தது. அடுத்த அறையிலும் அப்படியே. எட்டு அறையிலும் அப்படியே. ஒரு நோட்டில் அறை எண் போட்டு எழுதிக்கொண்டேன். ஓனரிடம் யார் சொல்வது என்று பேச்சு வந்தது. நீ சொல்லு, நீ சொல்லு என்று ஆளுக்கு ஆள் தள்ளினார்கள். "எல்லாருமே போலாம். நோட்ட மட்டும் நீ பிடிச்சுக்க" என்றார் அக்கா.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று சொல்லியிருக்கிறோம்.